நாற்பத்து மூன்று தப்படி

எங்கள் ஊருக்கும் கிழக்கே இருந்த அடுத்த ஊருக்கும் நடுவே போகும் காட்டோடையின் அகலம் நாற்பத்து மூன்று தப்படி. நான் மூன்று முறை அளந்திருக்கிறேன். மூன்றாவது முறை நாற்பத்து நாலு வந்தது. அன்று காலில் முள் குத்தியிருந்ததால் அதை நான் சேர்ப்பதில்லை. இந்த நாற்பத்து மூன்று தப்படி மணலுக்குள் ஒரு காலத்தில் இரண்டு ஊர்க் குடிகாரர்களும் அடங்கியிருந்தார்கள். அதற்கு நான்தான் காரணம் என்பதை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப் போகிறது?

சமஸ்தானம் போய், மதுவிலக்கு வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே ஓர் ஊரில் ஓராசிரியர் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். அந்த ஊரில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். வீட்டில் அக்கா, மச்சான், அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், நான், ஆக ஐந்து பேர். மச்சானுக்குக் கொஞ்சம் கடலைக்கொல்லையும் முந்திரியும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. நல்ல மனிதர். காலையில் பார்த்தால் அவரைப் போல ஒரு மச்சான் யாருக்கும் கிடைக்கமாட்டார் என்று தோன்றும். சாயங்காலம் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும்.

கள்ளுக்கடையைச் சர்க்கார் மூடியது. கடையை மட்டும்தான் மூடியது. முன்பு குடிக்கிறவர்களை ஒரே இடத்தில் போய்ப் பார்த்துவிடலாம். மூடிய பிறகு வைக்கோல் போரின் மறைவில் இரண்டு பேர், களத்தில் மூன்று பேர், முந்திரிக்காட்டில் எத்தனை பேர் என்று எண்ணவே முடியாதபடி சிதறிவிட்டார்கள். காட்டுக்குள் பானை புதைத்துக் காய்ச்சினார்கள். அதில் என்னென்ன போட்டார்கள் என்று காய்ச்சியவனுக்கே சரியாகத் தெரியாது. கள்ளு குடித்தவன் பாடுவான். இதைக் குடித்தவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

ஊருக்கு ஒரு மதுவிலக்குக் கமிட்டி வேண்டும் என்று தாலுகாவிலிருந்து உத்தரவு வந்தது. எழுதத் தெரிந்தவன் என்பதால் நான் காரியதரிசி. மாதா மாதம் ஊரில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். எனக்குப் பிடித்த வேலை. ஒரு வாரம் அலைந்து பட்டியல் தயாரித்தேன். பத்தொன்பது பேர். ஏழாவது இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன்.

அக்கா விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பட்டியலைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காலி இடம் தெரிந்தது.

"இது யாருடா?"

நான் பேனாவை மூடினேன்.

"எழுது. ஒன் மச்சான்னா சர்க்காரு விட்டுருமா?"

எழுதினேன். மறுநாள் காலையில் வாசல்படிக்கு உள்பக்கம், நிலையை ஒட்டி ஒரு தகரப் பெட்டி இருந்தது. அக்கா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டி. பூட்டுப் போட்டிருந்தது. மச்சான் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

"என்ன பெட்டி?"

"எம் பொட்டி. நாலு சேலை மடிச்சு வச்சிருக்கேன். இனிமே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீங்க குடிச்சுட்டு இந்தப் படி ஏறினாலும், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பொன்னமராவதிக்கு, பொறந்த வீட்டுக்குப் போயிருவேன். பொட்டி தயாரா இருக்கு. பஸ்ஸு தினமும் ரெண்டு தடவை போகுது."

அக்கா விளையாட்டுக்குக்கூட ஒரு பேச்சைத் திருப்பி எடுக்கிறவள் இல்லை. எனக்கு, அக்கா போய்விட்டால் குழந்தைகள் என்ன ஆவது, மச்சான் என்ன ஆவார், நான் எங்கே சாப்பிடுவது என்று மூன்று கவலைகள். மூன்றாவது கவலையை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. எங்கள் ஊரில் போலீசுக்குப் பயப்படாதவன் உண்டு, அய்யனாருக்குப் பயப்படாதவன் கிடையாது. எல்லையில் குதிரைகளோடு நிற்கிற சாமி. பொய்ச் சத்தியம் பண்ணினால் கையைக் காலை முடக்கிவிடும் என்று நம்பிக்கை. பத்தொன்பது பேரையும் அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் கொளுத்திச் சத்தியம் வாங்கிவிட்டால் என்ன?

ஒரு வெள்ளிக்கிழமை வாங்கினேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சூடத்தை அடித்து அணைத்து, "அய்யனாரு சாட்சியாக் குடிக்கமாட்டேன்" என்று பத்தொன்பது பேரும் சொன்னார்கள். பத்தொன்பதாவது ஆள் பூசாரியே. அவருக்கு அவரே தட்டைப் பிடித்துக்கொண்டு அவரே சத்தியம் பண்ணினார்.

அடுத்த மாதம் தாலுகாவுக்கு எழுதினேன்: குடிப்பவர்கள், இல்லை. அந்த ஒரு வார்த்தையை எழுதும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். பொழுது சாய்ந்ததும் ஆண்கள் கிழக்கே நடந்து போகிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. எண்ணினேன். பதினெட்டு. கடைசியில், கோயில் விளக்கை ஏற்றிவிட்டுப் பூசாரி. பத்தொன்பது.

மறுநாள் பின்னாலேயே போனேன். குதிரைகளைத் தாண்டி, ஓடையில் இறங்கி ஏறி, அடுத்த ஊர்ப் பனங்காட்டில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கையில் கொட்டாங்குச்சி.

"மச்சான்! சத்தியம் பண்ணுனீங்களே!"

"வா மாப்ளே, ஒக்காரு. சத்தியத்துக்கு என்ன வந்துச்சு இப்ப?"

"அய்யனாரு சாட்சியாச் சொன்னீங்க."

"ஆமா. அய்யனாரு எல்லைச் சாமி. நம்ம ஊரு எல்லை வரைக்கும் அவரு பாத்துக்குவாரு. ஓடைக்கு அங்கிட்டு அவருக்கு என்ன சோலி? இங்க அடுத்த ஊரு காளி. நாங்க காளிக்கு ஒண்ணும் சொல்லலையே."

பூசாரியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "சரிதான் வாத்தியாரே. அவரு குதிரை எது வரைக்கும் போகுமோ அது வரைக்குந்தான். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. எல்லைச் சாமியிடம் போய்ச் சத்தியம் வாங்கியது என் புத்தி.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குடித்துவிட்டு எல்லைக்குள் திரும்புவது எப்படி என்று அவர்களுக்குள் ஒரு வழக்கு. குடித்தது அங்கிட்டு, சரி. வயிற்றுக்குள் இருக்கிறதே, அது எல்லைக்குள் வந்தால் குற்றமா இல்லையா? இரண்டு நாள் பேசியும் முடியாமல் பூசாரியிடம் விட்டார்கள். பூசாரி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். குடித்தவன் ஒரு தடவையாவது ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் சாமிக்கு அவன் மேல் வழக்கில்லை. அதனால் இருட்டும் நேரத்தில் ஓடைக்கரையில் வரிசையாக ஆண்கள் நிற்பது வழக்கமாயிற்று. மச்சான் பயந்த சுபாவம். ஒன்றுக்கு இரண்டாகப் போய்விட்டு, முகம் கழுவி, வெற்றிலை போட்டு, தெளிந்து வீடு வருவார். அக்கா மூக்கைச் சுளிப்பாள், பெட்டியைப் பார்ப்பாள். ஆனால் தள்ளாடாத ஆளை என்ன சொல்வது?

அடுத்த ஊர்ப் பெண்களுக்கு விஷயம் எட்டியது. அவர்கள் எங்களைவிட விவரமானவர்கள். தங்கள் ஊர் ஆண்களைக் காளி கோயிலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்கள். காளி எல்லைக்குள் வெளியூரான் எவன் குடித்தாலும் ரத்தம் கக்கட்டும் என்று தனியாக ஒரு வேண்டுதலும் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் பனங்காட்டை விட்டுக் குதித்து ஓடிவந்தார்கள். இந்தக் கரை அய்யனார், அந்தக் கரை காளி. நடுவில் ஓடை மட்டும் எந்தச் சாமிக்கும் சேராமல் கிடந்தது. இரண்டு ஊர்க் குடிகாரர்களும் அதில் இறங்கினார்கள். காய்ச்சுகிறவனும் பானையை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான். ஓடையை நான் அளந்தது அப்போதுதான்.

கேட்டால் சிரிப்புத்தான் வரும். எனக்கும் சில நாள் சிரிப்பு வந்தது. அந்தக் கரையிலிருந்து வந்து குடித்தவர்களில் செக்கு ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் பானை வர நேரமானது. யாரோ டவுனிலிருந்து மரத்துக்குப் பூசுகிற பாலீஷ் கொண்டுவந்திருந்தார்கள். அதைக் குடித்துவிட்டார். மறுநாள் காலையில், "ஏன் இன்னும் விடியலை?" என்று சம்சாரத்திடம் கேட்டாராம். வெயில் ஏறியிருந்தது. அப்புறம் அந்த அம்மாள் ஒரு குச்சியின் ஒரு முனையைத் தானும் மறு முனையை அவரும் பிடித்துக்கொண்டு சந்தைக்குக் கூட்டிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊரிலும் நாலு நாள் யாரும் ஓடைக்குப் போகவில்லை. ஐந்தாவது நாள் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. தினமும் காலையில் மச்சான் எழுந்ததும் அவர் முகத்துக்கு முன்னால் விரலைக் காட்டுவேன்.

"மச்சான், எத்தனை?"

இரண்டு விரல் காட்டினால், "ஒம்போது" என்பார். நாலு காட்டினால், "யாரு அது? மாப்ளே கொரலு மாதிரி இருக்கு, ஆளக் காணோம்" என்று காற்றைத் துழாவுவார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான், "விளையாடாதீங்க மச்சான், சரியாச் சொல்லுங்க" என்று கெஞ்சுவேன். ஒரு நாள்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

ஐப்பசி வந்தது. நாலு நாள் விடாத மழை. மேற்கே பெரிய கண்மாய் நிரம்பி, மிச்சம் வழிகிற கலிங்கில் தண்ணீர் போகிறது என்றார்கள். கலிங்கில் போகிற தண்ணீர் ஓடையில்தான் வரும். ஐந்தாம் நாள் மழை விட்டது. சாயங்காலம் மச்சான் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போனேன்.

ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். ஏழு பேர் அதற்குள் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். கரை ஏறினால் சாமி குற்றம். ஆகவே தண்ணீருக்குள்ளேயே நின்றார்கள். கொட்டாங்குச்சியை ஒரு கையிலும் வேட்டியை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பானையை ஒருவன் தலையில் வைத்திருந்தான். மச்சான் மூன்று கொட்டாங்குச்சி குடித்ததை எண்ணினேன்.

திடீரென்று மேற்கே ஓர் இரைச்சல். "தண்ணி வருதுடா!" என்று யாரோ கத்தினார்கள். ஆறு பேர் பானையோடு ஆளுக்கொரு கரையில் ஏறிவிட்டார்கள். அப்போது எந்தச் சாமியும் அவர்கள் ஞாபகத்தில் இல்லை. மச்சானுக்குக் கால் வரவில்லை. நடு ஓடையில் ஒரு நொச்சிப் புதரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது.

"இழுங்கய்யா!" என்று கத்தினேன்.

எங்கள் கரையில் பூசாரியோடு சேர்த்து மூன்று பேர். ஏறி நின்றதும் அவர்களுக்குச் சாமி ஞாபகம் வந்துவிட்டது. "எங்கிட்டு இழுக்குறது?" என்றார் ஒருவர். "மூணு குடிச்சிருக்கான். இன்னும் ஒரு தடவைகூடப் போகலையே! நம்ம ஏறுனதே குத்தம். இதுல இன்னொருத்தனை வேற நம்ம கையால இழுத்துப் போட்டா?"

பூசாரி அந்தக் கரையைப் பார்த்துக் கத்தினார். "ஏப்பா, ஒங்க பக்கம் இழுத்துக்கங்கப்பா! ஒங்களுக்குத்தான் கிட்டக்க இருக்கான்!"

"எங்களுக்கு எதுக்கு? எங்க காளி ரத்தம் கக்க வச்சிரும். ஒங்க குடிகாரன ஒங்க சாமியே வச்சுக்கட்டும்!"

புதருக்குள்ளிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "பூசாரி! தண்ணிக்குள்ளயே போனாக் கணக்குல சேருமா?"

பூசாரி யோசித்தார். ஆமாம், யோசித்தார். எனக்கு நீச்சல் தெரியாது. வீட்டைப் பார்த்து ஓடினேன். அந்த ஓட்டத்தில் தப்படி எண்ண மறந்துவிட்டேன். என் ஆயுசில் நான் எண்ணாமல் போன தூரம் அது ஒன்றுதான்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கிணற்று வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். கரையில் நின்ற பூவரச மரத்தில் ஒரு முனையைக் கட்டினாள். மறு முனையை இடுப்பில் சுற்றினாள். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தாள்.

"வடத்தப் பிடிங்கய்யா. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பிடித்தார்கள். நானும் பிடித்தேன். தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தது. மச்சானின் குடுமி அவள் கைக்கு அகப்பட்டது. குடுமியோடு இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் ஊர் எல்லைக்குள், அய்யனார் குதிரை பார்க்கிற தூரத்தில் போட்டாள். மச்சான் இரண்டு வாய் தண்ணீரைக் கக்கினார். கண்ணைத் திறந்து எங்கே கிடக்கிறோம் என்று பார்த்தார். உடனே கையை ஊன்றித் திரும்பவும் ஓடைப் பக்கம் தவழ ஆரம்பித்தார்.

"என்னைய அங்கிட்டு விடு, சத்தியம் போச்சு, அங்கிட்டு விடு..."

அக்கா ஓர் அறை விட்டாள். எல்லோருக்கும் முன்னால். பிறகு கோயில் பக்கம் திரும்பி, ஈரத்தோடு நின்று சொன்னாள்.

"இந்தா, ஒன் எல்லைக்குள்ள குடிகாரனக் கொண்டாந்தது நான். கேக்குறதா இருந்தா என்னையக் கேளு. இந்த மனுசனக் கேக்காத."

அன்று அவர் குடித்துவிட்டுத்தான் படி ஏறினார். சொல்லப்போனால் அக்காவும் நானும் தூக்கிக்கொண்டு ஏறினோம். நான் பெட்டியைப் பார்த்தேன். காலை பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

மச்சான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பழக்கத்தில் மூன்று விரலைக் காட்டினேன்.

"மூணு" என்றார்.

அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அய்யனார் கேட்கிறார் என்று மச்சான் தீர்மானித்துவிட்டார். அவள் என்னைக் கேள் என்றாள், சாமி அவளைக் கேட்கிறது. பூசாரியிடம் ஓடினார். "குத்தம் என்னுது. எம் பேருக்கு மாத்திக் குடுங்க பூசாரி."

"அந்தம்மா வாயால சொன்னத நான் எப்படி மாத்துறது? புரவி ஒண்ணு செஞ்சு வச்சாத்தான் சாமி மனசு எறங்கும்."

மண் குதிரை செய்வது பூசாரி வீட்டுத் தொழில் என்பதை நான் மச்சானுக்கு ஞாபகப்படுத்தவில்லை. மச்சான் தன் காலாலேயே மண் மிதித்தார். அக்காவுக்குக் காய்ச்சல் ஐந்து நாள். கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து நான் மிக்சர் வாங்கிவந்து வேளைக்கு வேளை கொடுத்தேன், மொத்தம் பன்னிரண்டு வேளை. ஆறாவது நாள் காய்ச்சல் விட்டது. மச்சான் மிக்சரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இதற்கு நடுவில் அவர் குடிக்கவும் இல்லை. அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒன்பது நாள் கை நடுங்கியது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி கீழே விழும். ராத்திரி வேர்த்துக் கொட்டும், சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார், எறும்பு இருக்காது. பன்னிரண்டாம் நாள் எழுந்து கிழக்கே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். குதிரை வரைக்கும் போனார், நின்றார், திரும்பிவிட்டார்.

"மச்சான், திரும்பவும் சத்தியம் பண்ணிருங்க. இந்தத் தடவை வேற பெரிய சாமியாப் பாத்து..."

"வேணாம் மாப்ளே. சாமிக்கெல்லாம் ஒரு எல்லை இருக்கு. ஒங்கக்கா தலையில அடிச்சு நேத்தே பண்ணிட்டேன். அவளுக்கு எல்லை கெடையாது. தண்ணிக்குள்ளயே வந்துட்டா, பாத்தியல்ல?"

அதன் பிறகு நான் எண்ணிய வரையில் இரண்டு தடவை தவறினார். ஒன்று, கருவாடு வாங்க மணமேல்குடிக்குப் போன இடத்தில். திரும்பி வந்தவர் வீட்டுக்கு வராமல் மூன்று நாள் கடலைக்கொல்லைக் குடிசையிலேயே கிடந்தார். அக்கா போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். இரண்டாவதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. என் பட்டியலில் இருந்த மற்றவர்களில் மூன்று பேர் நாற்பது வயது ஆவதற்குள் போய்விட்டார்கள். மூன்று சாவுக்கும் போயிருந்தேன். மூன்று வீட்டிலும் வயிற்றுவலி என்றுதான் சொன்னார்கள். வெள்ளம் வடிந்ததும் ஓடையில் மறுபடி ஆட்கள் இறங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரியதரிசி வேலையை நான் விட்டுவிட்டேன்.

பெட்டி மட்டும் நிலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அக்கா அதைத் திறக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மச்சான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நகர்த்துவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அவ்வளவு பயம் என்று நான் நினைத்துக்கொள்வேன். பதினோரு பொங்கல் அப்படிப் போயிற்று.

மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. வாசலில் வாழை கட்ட வேண்டும், பெட்டி இடைஞ்சல். மச்சான் பந்தல்காரர்களோடு இருந்தார். நான் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு முறை பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்காவிடம் சாவி வாங்கித் திறந்தேன். மேலே ஒரு கிழிந்த சேலை. அதற்குக் கீழே செங்கல். எண்ணினேன். பதினான்கு.

"என்னக்கா இது? நாலு சேலைன்னியே!"

"அன்னைக்கு நல்லதா இருந்ததே ரெண்டு சேலைதான்டா. அதையும் பூட்டி வச்சுட்டு எதக் கட்டிக்கிறது?" என்றாள். "மெதுவாப் பேசு, ஒன் மச்சான் காதுல விழுந்துறப் போகுது."

ஆனால் அவர் நிலைக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். அக்கா அடுப்படிக்குப் போன பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நாலு சேலை இம்புட்டு கனக்குமா மாப்ளே? மொத வருசம் வெள்ளையடிக்கையிலேயே தெரியும். நீ சொல்லிராத. அவளுக்கு வருத்தமாப் போயிரும்."

இருவரும் சேர்ந்து தூக்கி, பெட்டியைப் பின்கட்டில் வைத்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் பார்த்தேன். அது நிலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று இருவரிடமும் கேட்டேன். இருவரும் தெரியாது என்றார்கள். ஒரு ஆள் தூக்க முடியாத பெட்டி அது.